தோ பாயோவில் ஓர் உருளை வடிவப் பொருள்

வீட்டில் தொலைநோக்கி செய்வது சிங்கப்பூரில் குற்றமல்ல. செய்யலாம் என்று எங்கும் எழுதி வைக்கவும் இல்லை. இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கும் சந்தில்தான் தாரணி மாட்டிக்கொண்டாள்.

தாரணி, தஞ்சோங் பகாரில் ஒரு கப்பல் நிறுவனத்தில் கூட்டக் குறிப்பு எழுதுபவள். யார் என்ன சொன்னார்கள், யார் அதை ஆமோதித்தார்கள், அடுத்த கூட்டம் எப்போது என்பதையெல்லாம் சுத்தமாக எழுதி எல்லோருக்கும் அனுப்புவாள். அதை யாரும் படித்ததாகத் தகவல் இல்லை. கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே எழுதுகிறாள். இத்தனை வருஷத்தில், கையில் எடுத்து இது நான் செய்தது என்று காட்டும்படி ஒரு பொருளும் தன்னிடம் இல்லையே என்ற எண்ணம், ஒரு நாள் ரயிலில் நின்றுகொண்டிருந்தபோது அவளுக்கு வந்தது. தோ பாயோவில் அவள் இறங்கினாள். எண்ணமும் கூடவே இறங்கி வீட்டுக்கு வந்துவிட்டது.

இந்த வயதில் இந்த எண்ணம் வருகிறவர்கள் கேக் வகுப்பில் சேர்வார்கள். இல்லாவிட்டால் மெழுகுவத்தி ஊற்றி, அதற்கு மல்லிகை வாசனை போட்டு, நண்பர்கள் தலையில் கட்டுவார்கள். தாரணி கண்ணாடி தேய்க்க ஆரம்பித்தாள்.

தேய்ப்பது என்றால் துடைப்பது இல்லை. தடித்த வட்டக் கண்ணாடிகள் இரண்டை வாங்கி, ஒன்றின்மேல் ஒன்று வைத்து, நடுவே கரகரப்பான தூளும் தண்ணீரும் விட்டு, மேலே இருப்பதை முன்னும் பின்னும் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். தள்ளத் தள்ள மேல்கண்ணாடி மெல்லக் குழியும். ஒரே இடத்தில் நின்று தள்ளினால் ஒருபக்கமாகத் தேய்ந்துவிடும் என்பதால், சுற்றி நடந்துகொண்டே தள்ள வேண்டும். தாரணி சமையலறையில் அரிசி டிரம்மின்மேல் பலகையைப் போட்டு, அதைச் சுற்றி நடந்தாள். வேலை முடிந்து வந்து, சோற்றை வடித்துவிட்டு, தினமும் நடந்தாள்.

பக்கத்து வீட்டு ரபியா பொறுத்துப் பார்த்துவிட்டு ஒரு நாள் கேட்டே விட்டாள்.

“தினம் சாயங்காலம் சர்ரு சர்ருன்னு அரைக்கிற சத்தம் கேக்குது. எங்க வீட்டுக்கு ஒரு இட்லிகூட வரலையே, தாரணி?”

“அது மாவு இல்லக்கா, கண்ணாடி. நிலா பாக்க.”

ரபியா, மாவு கொடுக்க மனமில்லாதவர்கள் சொல்லும் காரணங்களில் இது புதுசு என்று நினைத்துக்கொண்டு போனாள்.

தாரணியின் கணவர் முரளிதரன் சோபாவில் இருந்தபடியே தன் கருத்தைத் தெரிவித்தார். “நிலாதானே? யூடியூப்ல சூப்பர் கிளியரா இருக்குலா. ஏன் கைய உடைச்சுக்கிற?”

“அது வேற யாரோ பாத்த நிலா,” என்றாள் தாரணி.

நயமான தூள், அதைவிட நயமான தூள், பிறகு தார் பூசிய தட்டில் மெருகு என்று மாதங்கள் போயின. கடைசியில் பூன் லேயில் கார் விளக்குகளுக்கு உள்ளே பளபளப்புப் பூசும் ஒரு சின்னத் தொழிற்சாலைக்குப் போய், முதலாளியைக் கெஞ்சி, விளக்குகளோடு விளக்காகத் தன் கண்ணாடிக்கும் பூச்சுப் போட்டு வாங்கி வந்தாள். பஸ்ஸில் மடியில் வைத்துத் திறந்து பார்த்தபோது அவள் முகம் பூசணிக்காய் அளவுக்குத் தெரிந்தது. அழுகை வந்தது. அதுவும் பெரிதாகத்தான் தெரிந்தது.

கான்கிரீட் தூண் வார்க்கும் அட்டைக்குழாய் ஒன்றை வாங்கி, உள்ளே கறுப்பு மை அடித்து, அடியில் கண்ணாடியை உட்காரவைத்தாள். மேல்முனை அருகே, பக்கவாட்டில் கண் வைத்துப் பார்ப்பதற்கு ஒரு குமிழ். கீழே ஒரு மரப்பெட்டி. பெட்டிக்கு அடியில், சீன உணவகங்களில் மேசை நடுவே மீனைச் சுற்றவிடும் தட்டு. எல்லாம் சேர்ந்து அவள் நெஞ்சு உயரம் வந்தது. வீட்டுக்குள் வைத்தால் முரளிதரன் வெளியே நிற்க வேண்டியிருக்கும் என்பதால், வாசலில் செருப்பு அலமாரிக்குப் பக்கத்தில் வைத்தாள். அன்றைக்கு நல்ல மழை. நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று படுத்துவிட்டாள்.

மறுநாள் வானம் தெளிந்தது. கூடவே குடியிருப்பு நல்லிணக்க அலுவலகத்தின் கடிதமும் வந்தது.

“தங்கள் இல்லத்தின் முன்பாக, வகைப்படுத்தப்படாத ஓர் உருளை வடிவப் பொருள் நிலைகொண்டிருப்பதாக அக்கறையுள்ள குடியிருப்பாளர் ஒருவர் அன்புடன் தெரிவித்துள்ளார். அப்பொருளின் தன்மை தெளிவாகும்வரை அதனைத் தொடவோ, நகர்த்தவோ, பயன்படுத்தவோ வேண்டாம் எனக் கேட்டுக்கொள்ளப்படுகிறீர்கள்.”

இந்த ஊரில் யாருக்கும் எதிரிகள் கிடையாது. அக்கறையுள்ள குடியிருப்பாளர்கள்தான் உண்டு.

இரண்டு நாள் கழித்து அதிகாரி ரமணன் வந்தார். சின்ன வயது, இஸ்திரி போட்ட சட்டை, கழுத்தில் அடையாள அட்டை, கையில் ஐபேட். குழாயை மரியாதையான தூரத்தில் நின்று சுற்றிப் பார்த்தார்.

“இது என்ன மேடம்?”

“தொலைநோக்கி. நானே செஞ்சது.”

“ரொம்ப நல்லா இருக்கு.” ஐபேடை விரலால் தள்ளினார். “ஆனா லிஸ்ட்ல இல்ல. காரிடார்ல வைக்கக்கூடியது செருப்பு அலமாரி, சைக்கிள், செடித்தொட்டி, பண்டிகை அலங்காரம். இதுல எதுல போடுறது?”

“எதுலயும் போட வேணாம் தம்பி. நான் உள்ள எடுத்து வெச்சிடுறேன்.”

ரமணன் பதறிப்போனார். “ஐயோ, எடுத்துறாதீங்க. கேஸ் திறந்தாச்சு. இப்ப நீங்க உள்ள கொண்டு போனா, பொருள் காணோம்னு ஆயிடும். காணாமப் போன பொருளை எப்படி வகைப்படுத்துறது? வகைப்படுத்தாம கேஸை மூட முடியாது. மூடாத வரைக்கும் நான் வாரா வாரம் வரணும்.”

“சரி, தொலைநோக்கின்னு எழுதிக்குங்க. பாத்தா தெரியுதுதானே?”

“எனக்குத் தெரியுது மேடம். நான் உங்களை முழுசா நம்புறேன். ஆனா என் நம்பிக்கையப் போட இதுல இடம் இல்ல.” ஐபேடைத் திருப்பிக் காட்டினார். உண்மையிலேயே இடம் இல்லை.

ரமணனுக்கு நல்ல மனது. யோசித்து, குரலைத் தாழ்த்திச் சொன்னார். “மேல ஒரு செடி வெச்சிடுங்களேன்.”

“எதுக்கு?”

“செடி இருந்தா தொட்டி. தொட்டி லிஸ்ட்ல இருக்கு. இன்னைக்கே மூடிடலாம்.”

தாரணி கூட்டக் குறிப்பு எழுதுபவள். ஒரு விஷயத்தை முடித்து வைப்பதற்கும், முடிந்ததாக எழுதுவதற்கும் உள்ள வித்தியாசம் அவளுக்குத் தெரியும். இப்போதைக்கு எழுதட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று சமையலறை ஜன்னலில் இருந்த கறிவேப்பிலைச் செடியைத் தொட்டியோடு எடுத்து வந்து, குழாயின் வாயில் வைத்தாள். அளவெடுத்துச் செய்தது மாதிரி உட்கார்ந்தது. ரமணன் படம் எடுத்தார். ‘செடித்தொட்டி, உயரமான வகை’ என்று பதிந்தார். விவகாரம் இனிதே முடிந்தது.

“சாயங்காலம் செடிய எடுத்துட்டு ஒரு தடவ பாத்துக்கலாமா?”

“எடுத்தா அது காலித் தொட்டி,” என்றார் ரமணன். “காலித் தொட்டி கொசுப் பிரிவு. அவங்க எங்கள மாதிரி இல்ல மேடம், ரொம்ப ஸ்ட்ரிக்ட்.”

ஆனால் தொட்டி என்று பதிவாகிவிட்ட பிறகு கொசுப் பிரிவு வராமல் இருக்குமா? அடுத்த வாரமே வந்தது. சாதியா என்ற பரிசோதகர், கையில் டார்ச்சோடு செருப்பு அலமாரிக்குப் பின்னால் பார்த்தார், குடை மடிப்பில் பார்த்தார், கறிவேப்பிலையைத் தூக்கிக் குழாய்க்குள் பார்த்தார். அப்படியே நின்றுவிட்டார்.

“அடியில என்னக்கா, பெரிய சாசர் மாதிரி?”

“கண்ணாடி.”

“குழியா இருக்கே.”

“குழியாத்தாம்மா இருக்கணும். அதுக்குத்தான் மாசக்கணக்கா தேய்ச்சேன்.”

சாதியாவின் முகம் வருத்தமாகிவிட்டது. மாதக்கணக்கில் உழைத்து, கொசுவுக்கு ஒரு குளம் வெட்டிய பெண்ணை அவர் அதற்குமுன் பார்த்ததில்லை. “தண்ணி நிக்குமேக்கா.”

“மேல மூடியிருக்கு. தண்ணி எங்கருந்து வரும்?”

“செடிக்கு ஊத்துறீங்களே?”

தாரணி செடிக்கு ஊற்றத்தான் செய்தாள்.

“பயன்படுத்தாத பாத்திரத்தக் கவுத்து வைக்கணும்க்கா. எல்லா வாளிக்கும் ஒரே ரூல்தான்.”

“கவுத்தா அது தரையத்தான்மா பாக்கும்.”

“பாக்கட்டுமே,” என்றார் சாதியா ஆறுதலாக. “தரையிலதானே நாம இருக்கோம்.”

அன்று மாலை தாரணி, குழாயின் அடியிலேயே ஒரு மெல்லிய துணியை விரித்து, கண்ணாடியைக் குப்புறப் படுக்கவைத்தாள். குழாயில் உட்கார்ந்ததிலிருந்து அந்தக் கண்ணாடி பார்த்தது கறிவேப்பிலைத் தொட்டியின் அடியும், ரமணனின் ஐபேடும், சாதியாவின் டார்ச்சும்தான். அதை அவள் முரளிதரனிடம் சொன்னாள். அவர், கறிவேப்பிலை நன்றாகத் தழைத்திருப்பதாக ஆறுதல் சொன்னார்.

தழைத்துத்தான் இருந்தது. காற்று வரும் உயரம், வெயில் படும் உயரம். குடியிருப்பு நல்லிணக்க அலுவலகம் நடத்திய பசுமைத் தாழ்வாரப் போட்டியில் தாரணியின் குழாய்க்குப் ‘புத்தாக்கச் செடித்தொட்டி’ என்று முதல் பரிசு கிடைத்தது. தாரணி போட்டியில் கலந்துகொள்ளவில்லை. அது தேவையில்லை, தொட்டி கலந்துகொண்டது போதும் என்றார்கள். படம் பத்திரிகையில் வந்தது. படத்தில் கறிவேப்பிலை நடுவில், ரமணன் இடப்பக்கம், பரிசுக் கூடை வலப்பக்கம்.

அதன்பிறகு ஊர் சும்மா இருக்கவில்லை. பிளாக்கில் ஆளாளுக்கு உருளைத் தொட்டி வாங்கினார்கள். சிராங்கூன் சாலைக் கடைகளில் பூமாலைக்கும் எவர்சில்வர் குடத்துக்கும் நடுவே உயரமான குழாய்கள் வரிசையாக நின்றன. தங்க விளிம்பு வைத்தது, மயில் படம் போட்டது, தீபாவளிக்கு விளக்கு எரிவது. எல்லாவற்றிலும் பக்கவாட்டில் ஒரு குமிழ் இருந்தது. எதற்கு என்று கேட்டால் கடைக்காரருக்கே தெரியவில்லை. குமிழ் இல்லாவிட்டால் அசல் இல்லை என்று மட்டும் சொன்னார். ரபியாவும் அவள் கணவர் முகமது யூசுப்பும் தங்க விளிம்பு வாங்கினார்கள்.

மன அமைதி வகுப்பு நடத்தும் பவித்ரா என்ற பெண், வெறும் குழாய்க்குள் பார்த்து மனத்தையும் வெறுமையாக்கும் பயிற்சியைத் தொடங்கினாள். முன்பதிவு நிரம்பி வழிந்தது. ஆக, உள்ளே ஒன்றுமில்லாத குழாய்க்குள் கண் வைத்துப் பார்க்க ஊரே வரிசையில் நின்றது. உள்ளே கண்ணாடி இருந்த ஒரே குழாய்க்குள் பார்க்கத்தான் அனுமதி இல்லை.

“தாரணி, அஞ்சாறு இணுக்கு எடுத்துக்கிறேன்,” என்று ரபியா ஒரு காலையில் பரிசு பெற்ற கறிவேப்பிலையில் கை வைத்தபோது, தாரணிக்கு வந்த கோபத்தை அந்த வாசல் அதுவரை பார்த்ததில்லை.

“அது கறிவேப்பிலை இல்ல! தொலைநோக்கி!”

ரபியா கையிலிருந்த இணுக்கைப் பார்த்தாள். மோந்தும் பார்த்தாள். இணுக்கோடு உள்ளே போய்விட்டாள்.

அன்றிரவு தாரணி, தனக்குத் தெரிந்த ஒரே வித்தையைக் கையில் எடுத்தாள். கூட்டக் குறிப்பு நடையில், ‘பரிசு பெற்ற செடித்தொட்டியின் தற்காலிக மாற்றுப் பயன்பாடு மூலம் குடியிருப்பாளரிடையே மேல்நோக்கிய பார்வையை வளர்த்தல்’ என்று ஒரு முன்மொழிவு எழுதி அலுவலகத்துக்கு அனுப்பினாள். ஓர் இடத்தில்கூட நிலா என்ற சொல் வராமல் பார்த்துக்கொண்டாள். மேலிடத்தில் அதைப் படித்துவிட்டு மிகவும் மகிழ்ந்தார்களாம்.

ரமணன் ஓடி வந்தார். “அக்கா, அப்ரூவ் ஆயிடுச்சு! சனிக்கிழமை சாயங்காலம், கீழே பேட்மிண்டன் கோர்ட்டுல.” பரிசுக்குப் பிறகு மேடம் அக்கா ஆகியிருந்தாள். “ஒரே ஒரு டவுட்டு. பாக்கப்போற இடத்துல குடியிருக்கறவங்க சம்மதம் வேணும், பிரைவசி ரூல். நிலாவுக்கு என்ன போடட்டும்?”

“யாரும் இல்லன்னு போடுங்க.”

“‘யாரும் இல்ல’ன்னு ஆப்ஷன் இல்ல. ‘போய்ப் பாத்தோம், வீடு பூட்டியிருந்தது’ன்னு இருக்கு. அதப் போட்டுடறேன்.” போட்டார். பிறகு குரலைத் தாழ்த்தினார். “இத விட முக்கியம் அக்கா, முடிவுல ஒரு கருத்தெடுப்பு இருக்கு. மக்களுக்கு முழுத் திருப்தின்னு வந்துட்டா, தொலைநோக்கிய லிஸ்ட்லயே சேத்துடுவாங்க. அப்புறம் எந்தக் காரிடார்லயும் எவனும் அதத் தொட முடியாது.”

“வரலன்னா?”

“குறை ஒண்ணு இருந்தாலும், குறை சரியாகுற வரைக்கும் அது தொட்டிதான். இந்த ஒரு சான்ஸ்தான்.”

சனிக்கிழமை கறிவேப்பிலையை இறக்கினாள். கண்ணாடியை நிமிர்த்தினாள். முரளிதரன் ஒருபக்கம் பிடிக்க, லிஃப்டில் இறக்கிக் கோர்ட்டில் வைத்தாள். தலைக்கு மேலே அரை நிலா சுத்தமாக நின்றது. குழாயை நிமிர்த்துவதற்குள் பின்னால் வரிசை பிளாக்கைச் சுற்றிப் போய்விட்டது. என்ன தருகிறார்கள் என்று கேட்டுக்கொண்டே கடைசியில் இன்னும் ஆட்கள் சேர்ந்துகொண்டிருந்தார்கள்.

தாரணி குமிழில் கண் வைத்தாள். முதலில் ஒரே வெளிச்சக் கலங்கல். குமிழின் திருகைத் திருப்பினாள். கலங்கல் சட்டென்று விலகியது.

பள்ளங்கள். பள்ளத்துக்குள் பள்ளங்கள். வெளிச்சம் முடியும் ஓரத்தில், ஒவ்வொரு மலைக்கும் கறுப்பு நிழல், பேனாவால் போட்டது மாதிரி அத்தனை கூர்மையாக. அரிசி டிரம்மைச் சுற்றி நடந்த நடையெல்லாம் அவளுக்கு நினைவு வந்தது. இத்தனை தூரத்தில் இருக்கும் ஒன்றைத் தன் கை இழுத்துக் கொண்டுவந்திருக்கிறது என்பதை அவளால் நம்ப முடியவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக அவள் இருந்ததில்லை.

அடுத்து ரபியா பார்த்தாள். “யா அல்லாஹ்,” என்று மட்டும் சொன்னாள். நகரும்போது தாரணியின் கையைப் பிடித்து ஒரு அழுத்து அழுத்தினாள். முகமது யூசுப் கண்ணை எடுக்கவே மறுத்து, பின்னால் நின்றவர்களிடம் திட்டு வாங்கினார். ரமணன், அறிக்கைக்குப் படம் எடுக்க வந்தவர், படத்தை மறந்துவிட்டு இரண்டாம் முறை வரிசையில் போய் நின்றார். சின்னப் பிள்ளைகள் கத்தினார்கள். எவரிடமும் பேசாதவரான பத்தாம் மாடி அங்கிள், பார்த்துவிட்டு, முன்பின் தெரியாதவர்களிடமெல்லாம் “பாத்தீங்களா, பாத்தீங்களா” என்று கேட்டுக்கொண்டு திரிந்தார்.

வெளியே போகும் வழியில் ஒரு கியூஆர் கட்டம் ஒட்டியிருந்தது. கைபேசியைக் காட்டினால், ‘இன்று நீங்கள் கண்டதை மதிப்பிடுக’ என்று ஐந்து நட்சத்திரங்கள் வந்தன. எல்லோரும் தலையைக் குனிந்து அழுத்தினார்கள். கடைசியாகத் தாரணியும், இன்னும் ஈரம் காயாத கண்ணோடு கைபேசியை எடுத்தாள்.

ஐந்தாவது நட்சத்திரத்தின்மேல் விரல் போய் நின்றது. ஐந்துக்கு ஐந்து என்பதை அவள் அலுவலகத்தில் யாரும் யாருக்கும் தந்ததில்லை. ஹோட்டலுக்கு, டாக்சிக்கு, பிள்ளைகளின் டியூஷன் டீச்சருக்கு, யாருக்கும் தருவதில்லை. முழுசாகத் தந்தால் யோசிக்காமல் தந்தது மாதிரி ஆகிவிடும். ஏதோ ஒன்றைக் குறைத்தால்தான் கவனமாகப் பார்த்தோம் என்று அர்த்தம். விரல் ஓர் இடம் பின்வாங்கி, நான்கை அழுத்தியது. கைபேசி காரணம் கேட்டது. ‘மேற்பரப்பு சற்று மேடுபள்ளம்’ என்று எழுதி அனுப்பிவிட்டு, பொறுப்பான காரியம் செய்த நிறைவோடு வீட்டுக்குப் போனாள்.

அடுத்த வாரம் ரமணன் வந்தார். முகம் செத்திருந்தது. சத்தம் கேட்டு ரபியாவும் யூசுப்பும் வெளியே வந்தார்கள். ரமணன் ஐபேடைப் பார்த்துப் படித்தார்.

“‘நிகழ்வு பெருமகிழ்ச்சி அளித்தது. எனினும், காட்டப்பட்ட நிலா பாதிதான் இருந்தது, கண் கூசியது, குளிர்சாதன வசதி இல்லை, மேற்பரப்பு மேடுபள்ளமாக உள்ளது ஆகிய குறைகள் சுட்டிக்காட்டப்பட்டுள்ளன. நிலா உரிய முறையில் மேம்படுத்தப்படும்வரை, மேற்படி பொருள் செடித்தொட்டியாகவே தொடரும்.’”

தாரணி ஐபேடை எட்டிப் பார்த்தாள். “எத்தன பேர் அப்படிப் போட்டாங்க?”

“எல்லாருமே நாலுதான், அக்கா. அஞ்சு போட்டது ஒருத்தர்கூட இல்ல.”

ரபியா தன் வீட்டு மிதியடியை நேராக்கினாள்.

“அநியாயமா இருக்கே,” என்றாள் பிறகு. “நான் அஞ்சு போட்டேனே.”

“நானுந்தான்,” என்றார் யூசுப். “அத்தன நேரம் பாத்தவன், நான் போடாம இருப்பனா?”

“நான் ஆபீசர், போடக்கூடாது. ஆனா போட்டேன்,” என்றார் ரமணன் ஐபேடை மூடிக்கொண்டே. “அஞ்சுதான்.”

மூன்று பேரும் தாரணியைப் பார்த்தார்கள்.

“என் கையால செஞ்சது,” என்றாள் தாரணி. “நான் போடாம இருப்பேனா?”

ஆக, அந்த வாசலில் நின்ற நான்கு பேருமே ஐந்து நட்சத்திரம் தந்திருந்தார்கள். நிலாதான் நான்கு வாங்கியிருந்தது.